சோற்றை மெல்லக் குறைப்போம்: மாவுச்சத்து குறைந்த உணவுக்குப் படிப்படியாக மாறுவது எப்படி

மாவுச்சத்தைக் குறைக்க முடிவெடுப்பவர்கள் பெரும்பாலும் ஒரு திங்கட்கிழமையைக் குறித்துக்கொள்கிறார்கள். அன்று காலையிலிருந்து சோறு கிடையாது, இட்லி கிடையாது, சர்க்கரை கிடையாது, பழம்கூடக் கிடையாது. புதன்கிழமை தலை வலிக்கிறது. வெள்ளிக்கிழமை மலச்சிக்கல். அடுத்த வாரம் ஒரு கல்யாண வீட்டுப் பந்தியில் உட்கார்ந்து எழும்போது எல்லாம் பழையபடி ஆகிவிடுகிறது. "இதெல்லாம் நமக்குச் சரிப்படாது" என்ற எண்ணம் மட்டும் மிஞ்சுகிறது.

அவர்கள் கைவிட்டதற்குப் பெரும்பாலும் அந்த வேகம்தான் காரணம். இரண்டு மூன்று மாதம் எடுத்துக்கொண்டு ஒவ்வொரு வேளையாக இறங்கினால் இவ்வளவு பாடுபட வேண்டியதில்லை. அப்படி இறங்குவதற்கான வழியைத்தான் இங்கே எழுதுகிறேன். ஒன்றை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: சர்க்கரை நோய்க்கோ ரத்த அழுத்தத்துக்கோ மருந்து எடுப்பவர்கள், மருந்தைப் பற்றிய பகுதியைப் படித்து, மருத்துவரிடம் பேசிய பிறகே எதையும் தொடங்குங்கள்.

மாவுச்சத்து எங்கே இருக்கிறது, எவ்வளவு

அரிசி, கோதுமை, ரவை, சேமியா, கேழ்வரகு, கம்பு, உருளைக்கிழங்கு, மரவள்ளி, சர்க்கரை, வெல்லம், கருப்பட்டி, பழங்கள் என்று பட்டியல் நீளம். இவற்றில் உள்ள மாவும் சர்க்கரையும் செரிமானத்துக்குப் பின் பெரும்பாலும் குளுக்கோஸாகவே ரத்தத்தில் சேர்கின்றன. அந்தக் குளுக்கோஸைத் திசுக்களுக்குள் அனுப்ப இன்சுலின் சுரக்கிறது. கொஞ்சம் கல்லீரலிலும் தசையிலும் கிளைக்கோஜனாகச் சேமிக்கப்படுகிறது. அந்தக் கிடங்கு நிரம்பியபின் மீதி கொழுப்பாக மாறுகிறது. இன்சுலின் சொல்பேச்சைக் கேட்காத உடம்பில் சாப்பிட்டபின் சர்க்கரை உயர்ந்தே நிற்கும். மாவுச்சத்தைக் குறைப்பதன் நோக்கம் இந்த ஏற்றத்தைக் குறைப்பதுதான்.

இப்போது நாம் எங்கே நிற்கிறோம்? இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் சென்னை நீரிழிவு ஆராய்ச்சி அறக்கட்டளையும் நாடு முழுக்க நடத்திய ஆய்வின் உணவுத் தரவுகள் 2025ல் வெளியாகின. அதன்படி இந்தியர்கள் பெறும் ஆற்றலில் 62 சதவீதம் மாவுச்சத்திலிருந்தே வருகிறது. ஒரு நாளைக்கு 2000 கலோரி சாப்பிடுபவருக்கு இது சுமார் 310 கிராம். பொதுவாக ஒரு நாளைக்கு 130 கிராமுக்குக் கீழே வந்தால் அதை மாவுச்சத்து குறைந்த உணவு என்பார்கள். 50 கிராமுக்குக் கீழே போனால் அது கீட்டோ. கீட்டோ உணவுமுறை 1921ல் அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் வலிப்பு நோயாளிகளுக்காக முன்வைக்கப்பட்ட ஒரு சிகிச்சை. உடல் எடையும் சர்க்கரையும் கொஞ்சம் கட்டுக்குள் வந்தால் போதும் என்று நினைப்பவர் அவ்வளவு ஆழத்துக்கு இறங்க வேண்டியதில்லை என்பது என் கருத்து.

காரணம் இருக்கிறது. அதே ஆய்வுக் குழு 18,090 பேரின் உணவுத் தரவுகளை வைத்து 2022ல் ஒரு கணிப்பை வெளியிட்டது. புதிதாகச் சர்க்கரை நோய் கண்டறியப்பட்டவர்கள் மாவுச்சத்தை 49 முதல் 54 சதவீதத்துக்குக் கொண்டுவந்து, புரதத்தை 20 சதவீதம் வரை உயர்த்தினால், நோய் தணிய வாய்ப்பு உண்டு என்பது அதன் சாரம். அறுபத்திரண்டிலிருந்து ஐம்பத்து நான்குக்கு வருவதென்றால் 310 கிராமிலிருந்து 270 கிராமுக்கு வருவது. ஏணியின் முதல் இரண்டு படிகளிலேயே பலன் தொடங்கிவிடுகிறது. கடைசிப் படியை நினைத்து யாரும் மலைக்க வேண்டாம்.

ஒரு சாதாரண நாளின் கணக்கு

காலையில் நான்கு இட்லி. நடுத்தர இட்லி ஒன்றில் 10 முதல் 12 கிராம் மாவுச்சத்து, ஆக 45 கிராம். இரண்டு ஸ்பூன் சர்க்கரை போட்டு நாள் முழுக்க மூன்று காபியோ டீயோ குடித்தால் சர்க்கரை மட்டும் 25 கிராமுக்கு மேல். மதியம் குழம்புக்கும் ரசத்துக்கும் மோருக்குமாகச் சேர்த்து 400 கிராம் சோறு. சமைத்த சோற்றில் 100 கிராமுக்கு 28 கிராம் மாவுச்சத்து என்பதால் இதில் சுமார் 110. மாலையில் நாலு பிஸ்கட், 15 கிராம். இரவு மூன்று தோசை, 55 முதல் 60 கிராம். மொத்தம் ஏறக்குறைய 255. பருப்பு, பால், காய், பழம் இவற்றில் இருப்பதையும் சேர்த்தால் முந்நூறைத் தொட்டுவிடும். பண்டிகை விருந்து எதுவும் இல்லாத வெறும் செவ்வாய்க்கிழமைச் சாப்பாடு இது.

உங்கள் வீட்டுக் கணக்கு இதிலிருந்து மாறலாம். சமையலறைத் தராசு ஒன்று இருந்தால் ஒரே ஒரு வாரம் சோற்றை எடைபோட்டுப் பாருங்கள். நாம் வழக்கமாகப் போட்டுக்கொள்ளும் நான்கு கரண்டி எத்தனை கிராம் என்று தெரிந்தாலே பாதி வேலை முடிந்த மாதிரி. அதன்பின் தராசு தேவைப்படாது, கரண்டிக் கணக்கே போதும்.

ஏன் மெல்ல?

கிளைக்கோஜன் சேமிக்கப்படும்போது ஒவ்வொரு கிராமுக்கும் சுமார் மூன்று கிராம் தண்ணீர் அதனோடு தங்குகிறது. மாவுச்சத்தைச் சட்டென்று நிறுத்தினால் கிளைக்கோஜன் கரைந்து, அந்தத் தண்ணீரும் வெளியேறும். முதல் வாரத்தில் இரண்டு மூன்று கிலோ இறங்கியதாகச் சொல்வார்களே, அதில் பெரும்பங்கு இந்தத் தண்ணீர்தான். கூடவே இன்சுலின் அளவு இறங்குவதால் சிறுநீரகம் உப்பையும் அதிகமாக வெளியேற்றும். தலைவலி, கிறுகிறுப்பு, கால் தசைப்பிடிப்பு எல்லாம் இதனால் வருபவை. மெல்ல இறங்குபவர்களுக்கு இந்த அதிர்ச்சி மிகக் குறைவு.

இன்னொரு காரணமும் உண்டு, எனக்கு அதுவே முக்கியமாகப் படுகிறது. அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் 609 பேரை வைத்து ஓராண்டு நடந்த ஆய்வு 2018ல் வெளியானது. அதில் மாவுச்சத்தைக் குறைத்த பிரிவினரை முதலில் நாளைக்கு 20 கிராம் வரை இறங்கச் சொன்னார்கள். பிறகு, தங்களால் காலம் முழுக்கக் கடைப்பிடிக்க முடிகிற அளவு வரும்வரை கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டிக்கொள்ளச் சொன்னார்கள். ஆண்டு முடிவில் அவர்கள் சராசரியாக நின்ற இடம் ஆற்றலில் 30 சதவீதம், ஏறக்குறைய 130 கிராம். எடை சராசரியாக ஆறு கிலோ குறைந்தது. கொழுப்பைக் குறைத்த மறு பிரிவினருக்கும் ஐந்து கிலோவுக்கு மேல் குறைந்தது. இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. பாதாளம் வரை போய்வந்தவர்களும் கடைசியில் 130 பக்கம்தான் தங்கினார்கள். அங்கேயே தங்கப்போகிறோம் என்றால் மேலிருந்து நிதானமாக இறங்கியே அந்த இடத்தைப் பிடிக்கலாம்.

முதலில் டம்ளர், பிறகு தட்டு

தொடங்க வேண்டியது காபி, டீயில். இரண்டு ஸ்பூன் சர்க்கரையை ஒன்றரை ஆக்கி, சில நாள் கழித்து ஒன்று, பிறகு அரை. நாக்கு ஒரு வாரத்தில் பழகிவிடும். சர்க்கரைக்குப் பதிலாக நாட்டுச் சர்க்கரை, கருப்பட்டி என்று மாறுவதால் மாவுச்சத்துக் கணக்கு மாறாது. இவையும் பெரும்பாலும் சர்க்கரைதான். பழச்சாறு, குளிர்பானம், பாக்கெட் மோர் அல்லாத பாக்கெட் பானங்கள் அனைத்தையும் இந்தக் கட்டத்திலேயே விட்டுவிடலாம். மாலை பிஸ்கட்டின் இடத்தில் ஒரு கைப்பிடி வறுத்த நிலக்கடலையோ அரைக் கிண்ணம் சுண்டலோ வரட்டும். முழுக் கிண்ணம் கொண்டைக்கடலைச் சுண்டலில் 45 கிராம் மாவுச்சத்து இருக்கும் என்பதால் அரைக் கிண்ணம் என்கிறேன். ஆனால் நார்ச்சத்தும் புரதமும் கூடவே இருப்பதால் பிஸ்கட்டைவிடப் பல மடங்கு நல்லது. நிலக்கடலையை எடுத்துக்கொண்டால் இந்தப் படியில் மட்டும் நாளைக்கு ஏறக்குறைய முப்பது கிராம் குறைந்துவிடும். வீட்டில் யாருக்கும் இதைச் சொல்லக்கூட வேண்டியதில்லை.

இரண்டு வாரம் கழித்துக் காலை டிபனுக்கு வாருங்கள். நான்கு இட்லியில் இரண்டை எடுத்துவிட்டு அந்த இடத்தில் இரண்டு முட்டை வையுங்கள். அவித்ததோ, வெங்காயம் மிளகு போட்ட ஆம்லெட்டோ, பொடிமாஸோ எதுவானாலும் சரி. ஒரு முட்டையில் ஆறு கிராம் புரதம், மாவுச்சத்து ஒரு கிராம்கூட இல்லை. பதினொரு மணிக்கு வழக்கமாக வரும் பசி வராமல் போவதை நீங்களே உணர்வீர்கள். முட்டை சாப்பிடாதவர்கள் அடையை எடுத்துக்கொள்ளலாம், ஆனால் பருப்பு அடை என்று பெயர் வைத்துவிட்டுப் பாதிக்குப் பாதி அரிசி போடும் அடை வேண்டாம். கடலைப்பருப்பு, துவரம்பருப்பு, பாசிப்பருப்பு சேர்ந்து மூன்று பங்கு, அரிசி ஒரு பங்கு. முருங்கைக்கீரையை அள்ளிப் போட்டுக் கனமாக ஊற்றினால் இரண்டே போதும். முழுப் பாசிப்பயறை ஊறவைத்து இஞ்சி, பச்சைமிளகாயோடு அரைத்து வார்க்கும் பயறுத் தோசையும் அருமையான மாற்று. தொட்டுக்கொள்ள தேங்காய்ச் சட்னி, நிலக்கடலைச் சட்னி, மல்லிச் சட்னி எல்லாம் தாராளமாக.

மதியச் சோறு

மிகப் பெரிய படி இதுதான். நம் மதியச் சாப்பாட்டின் அமைப்பே இங்கே நமக்கு உதவியாக இருக்கிறது. குழம்புச் சோறு, ரசச் சோறு, மோர்ச் சோறு என்று மூன்று சுற்று. குறைக்கும்போது ஒவ்வொரு சுற்றிலும் ஒரு கை எடுத்துவிட்டால் மூன்று சுற்றிலும் ஏமாற்றமே மிஞ்சும். ஒரு சுற்றை முழுசாக மாற்றுவது எளிது.

முதல் வாரம் ரசத்தைச் சோற்றில் ஊற்றாதீர்கள். டம்ளரில் ஊற்றிச் சூடாகக் குடியுங்கள். மிளகும் சீரகமும் தூக்கலாக வைத்த ரசம் தனியாகக் குடிக்கும்போது இன்னும் நன்றாக இருக்கும். அடுத்த வாரம் மோர்ச் சோறு மோராக மாறட்டும்: பெருங்காயம், கறிவேப்பிலை, கொஞ்சம் உப்பு. இப்போது மிச்சம் குழம்புச் சோறு மட்டும், ஏறக்குறைய 200 கிராம். நூறு கிராம் ரசத்தோடும் நூறு கிராம் மோரோடும் போய்விட்டது. அப்புறம் அந்த இருநூறை நூற்றைம்பதாக்குவது பெரிய காரியமே இல்லை.

ஆனால் எடுத்த இடத்தை நிரப்பாவிட்டால் நாலு மணிக்கு வயிறு கூப்பிடும், கை பிஸ்கட் டப்பாவுக்குப் போகும். முழு முயற்சியும் தோற்பது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். பொரியல் நம் வீடுகளில் தொட்டுக்கொள்ளும் பொருளாகவே இருந்துவருகிறது. நான்கு பேருக்குக் கால் கிலோ பீன்ஸ் வாங்கிச் சமைப்போம். இனி ஒருவருக்கே இருநூறு கிராம் காய் என்று வாங்க வேண்டும். முட்டைக்கோஸ், பீன்ஸ், அவரை, புடலை, சுரைக்காய், வெண்டை, கத்தரி, காலிஃப்ளவர், எந்தக் கீரையும். தட்டில் பாதி இந்தக் காய்கள், கால் பங்கு மீனோ கோழியோ முட்டையோ பன்னீரோ கெட்டிப் பருப்போ, மீதிக் கால் பங்கு சோறு. உருளை, சேனை, மரவள்ளி மூன்றும் காய்க் கணக்கில் வராது, சோற்றுக் கணக்கில்தான் வரும். மரவள்ளியில் நூறு கிராமுக்கு 38 கிராம் மாவுச்சத்து இருக்கிறது, சோற்றைவிட அதிகம்.

சாப்பிடும் வரிசைக்கும் பலன் உண்டு. சர்க்கரை நோயாளிகள் 11 பேரை வைத்து நியூயார்க்கில் நடந்த சிறு ஆய்வு ஒன்று 2015ல் வெளியானது. காயையும் புரதத்தையும் முதலில் சாப்பிட்டு, மாவுச்சத்தைக் கடைசியில் சாப்பிட்டபோது, உணவுக்குப் பிந்தைய சர்க்கரை ஏற்றம் நன்றாகக் குறைந்தது. ஆள் எண்ணிக்கை சிறியதுதான், ஆனால் செய்துபார்க்கச் செலவே இல்லாத விஷயம். பொரியலில் பாதியை முதலிலேயே சாப்பிட்டுவிட்டுச் சோற்றில் கை வையுங்கள்.

சிறுதானியத்துக்கு மாறிவிட்டால் போதாதா என்று பலரும் கேட்கிறார்கள். சமைக்காத நிலையில் கம்பு, வரகு, தினை, கேழ்வரகு எல்லாவற்றிலும் 100 கிராமுக்கு ஏறக்குறைய 60 முதல் 72 கிராம் மாவுச்சத்து உண்டு. அரிசியில் 78. நார்ச்சத்து கூடுதல் என்பதால் அரிசியைவிட நல்லது, ஆனால் அளவு பார்க்காமல் சாப்பிட்டால் கணக்கு அதே இடத்துக்கு வந்துவிடும். கேழ்வரகுக் கஞ்சியாகக் காய்ச்சிக் குடித்தால் சர்க்கரை இன்னும் வேகமாக ஏறும். சோற்றை வடித்துச் சமைத்தால் மாவு போய்விடும் என்பதும் முழு உண்மை இல்லை. கஞ்சியோடு கொஞ்சம் போகிறது, பெரும்பகுதி பருக்கைக்குள்தான் இருக்கிறது.

இரவுச் சாப்பாட்டைக் கடைசியாக வைத்ததற்குக் காரணம் குடும்பம். எல்லோரும் ஒன்றாக உட்காரும் வேளை அது. இரவில் சப்பாத்திக்கு மாறினால் மாவுச்சத்து குறையும் என்ற நம்பிக்கை பரவலாக இருக்கிறது. முப்பது கிராம் கோதுமை மாவில் செய்த ஒரு சப்பாத்தியில் 20 கிராம் மாவுச்சத்து, ஒரு தோசைக்குச் சமம். அதனால் மற்றவர்களுக்குச் சுடும் அதே தோசையில் ஒன்றை எடுத்துக்கொண்டு, கூட ஒரு கிண்ணம் கோழிக் குழம்போ முட்டை மசாலாவோ பன்னீர் புர்ஜியோ காய்கறிக் கூட்டோ சேர்த்துக்கொள்ளுங்கள். தனிச் சமையல் தேவையில்லை. சமைப்பவருக்கு இரட்டை வேலை வைக்கும் உணவுமுறை எந்த வீட்டிலும் நீடிக்காது, அதை எதிர்பார்ப்பதும் நியாயமில்லை.

நான்கு படியும் இறங்கிய பின் கணக்கைப் பாருங்கள். காலையில் 22, மதியம் 42, இரவு 20, மற்றவற்றில் ஐம்பது அறுபது. கிட்டத்தட்ட 140. இட்லியும் உண்டு, சோறும் உண்டு, தோசையும் உண்டு.

மருந்து எடுப்பவர்கள்

கிளிமிபிரைடு, கிளிகிளசைடு, கிளிபென்கிளமைடு போன்ற மாத்திரைகளும் இன்சுலின் ஊசியும், நீங்கள் வழக்கமாகச் சாப்பிடும் சோற்றை மனதில் வைத்துத்தான் அளவு குறிக்கப்பட்டிருக்கும். சோறு பாதியாகி மருந்து அப்படியே இருந்தால் சர்க்கரை 70க்குக் கீழே போகலாம். கை நடுக்கம், திடீர் வியர்வை, படபடப்பு, தாங்க முடியாத பசி வந்தால் உடனே மூன்று டீஸ்பூன் சர்க்கரையையோ குளுக்கோஸையோ தண்ணீரில் கரைத்துக் குடித்து, பதினைந்து நிமிடம் கழித்து மீண்டும் சோதிக்க வேண்டும். அந்த நேரத்தில் உணவுக்கட்டுப்பாட்டை நினைக்கவே கூடாது. மருந்தை நீங்களாகக் குறைக்கவும் கூடாது. "இன்னின்ன வேளையில் சோற்றை இவ்வளவு குறைக்கப்போகிறேன்" என்று எழுதி எடுத்துக்கொண்டு போனால் மருத்துவருக்கு அளவை மாற்ற எளிதாக இருக்கும்.

டாபாகிளிஃபுளோசின், எம்பாகிளிஃபுளோசின் வகை மாத்திரை எடுப்பவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். மாவுச்சத்தை மிகவும் குறைத்தால், ரத்தச் சர்க்கரை பெரிதாக உயராமலேயே ரத்தத்தில் கீட்டோன் அமிலம் ஆபத்தான அளவுக்குச் சேரும் வாய்ப்பு இந்த மருந்துகளில் உண்டு. வாந்தி, வயிற்று வலி, மூச்சு வாங்குதல் இருந்தால் மருத்துவமனைக்குத்தான் போக வேண்டும். ரத்த அழுத்த மாத்திரை எடுப்பவர்களுக்கு எடை குறையும்போது அழுத்தமும் குறைந்து தலைசுற்றல் வரலாம். கர்ப்பிணிகள், பாலூட்டுபவர்கள், முதல் வகை நீரிழிவு உள்ளவர்கள், சிறுநீரக நோயாளிகள், குழந்தைகள் யாரும் இதைத் தாமாகத் தொடங்க வேண்டாம்.

வழியில் வரும் சின்னச் சின்னத் தொல்லைகள்

மலச்சிக்கல் வந்தால் காயும் தண்ணீரும் போதவில்லை என்று பொருள். ஒரு கொய்யாப்பழம் சேர்த்துக்கொள்ளுங்கள், நூறு கிராமில் ஐந்து கிராம் நார்ச்சத்து இருக்கிறது. லேசான தலைவலிக்கு உப்புப் போட்ட மோர் கேட்கும். ரத்த அழுத்தமோ சிறுநீரகப் பிரச்சினையோ உள்ளவர்கள் மட்டும் உப்பைக் கூட்டக் கூடாது. எண்ணெயைக் கண்டு பயந்து மாவையும் குறைத்துக் கொழுப்பையும் குறைத்தால் பட்டினிதான் மிஞ்சும், ஆகவே நல்லெண்ணெயும் கடலை எண்ணெயும் அளவாக இருக்கட்டும். கடையில் விற்கும் கீட்டோ பிஸ்கட், சுகர் ஃப்ரீ இனிப்பு எதுவும் வேண்டாம், பணத்துக்குக் கேடு. கல்யாணப் பந்தியில் உட்கார்ந்தால் நன்றாகச் சாப்பிடுங்கள். மறுநாள் காலை இரண்டு இட்லி, இரண்டு முட்டை என்று எப்போதும்போலத் தொடருங்கள். ஈடுகட்டுவதற்காகப் பட்டினி கிடக்க வேண்டாம்.

எந்தப் படியில் நிற்பது

ஒரு படியில் இரண்டு வாரம் இருந்தும் பசி அடங்கவில்லை, எரிச்சலாகவே இருக்கிறது என்றால் அடுத்த படிக்குப் போகாதீர்கள். புரதத்தைக் கொஞ்சம் கூட்டிவிட்டு அங்கேயே இன்னும் இரண்டு வாரம் இருங்கள். வீட்டில் குளுக்கோமீட்டர் இருந்தால் சாப்பிடத் தொடங்கி இரண்டு மணி நேரம் கழித்துப் பாருங்கள். அதே 150 கிராம் சோற்றுக்கு ஒருவருக்கு 140, இன்னொருவருக்கு 190 காட்டும். அந்த எண்ணுக்கு ஏற்றபடி உங்கள் சோற்றளவை முடிவு செய்வதுதான் சரி.

தொடங்கும் முன்னும் மூன்று மாதம் கழித்தும் ஹெச்பிஏ1சி, கொழுப்புப் பரிசோதனை இரண்டையும் எடுங்கள். ஹெச்பிஏ1சி சுமார் மூன்று மாதச் சர்க்கரையைக் காட்டும் சோதனை என்பதால் அதற்கு முன்னால் எடுத்துப் பயனில்லை. 5.7க்குக் கீழே வந்துவிட்டது, எடையும் பிடித்தபடி இருக்கிறது என்றால் மேற்கொண்டு குறைக்க வேண்டாம். மதியம் இன்னொரு கரண்டி சோறு சேர்த்துப் பார்த்து, எண் ஏறவில்லை என்றால் அதையே வழக்கமாக்கிக்கொள்ளலாம். சிலருக்கு எல்டிஎல் எனப்படும் கெட்ட கொழுப்பு ஏறும். அப்படி ஏறினால் மாவுச்சத்தைத் திரும்பக் கூட்டுவதற்கு முன்னால் வெண்ணெய், நெய், தேங்காய்ப்பால், கொழுப்புள்ள ஆட்டிறைச்சி இவற்றைக் குறைத்து, மீன், நிலக்கடலை, பயறு வகைகளைக் கூட்டி, இன்னும் மூன்று மாதத்தில் மறுபடியும் ரத்தம் கொடுத்துப் பாருங்கள்.